ஒரே குக்கரில் இரண்டு வீடு

ஜனவரி 5, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. வழவழவென்று தாள், ஓரத்தில் தங்க நிறக் கரை. இத்தனை நல்ல தாளை வெறுமையாக விட்டால் வீண். அதனால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருந்தார்கள். நிரப்பினேன். பெயர்: சாந்தாமணி. வேலை: அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். முகவரி: சிங்காநல்லூரில் வாடகை வீடு, இரண்டாம் மாடி. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: மகள் மிதுனா. அவளை எதற்காவது அழைத்தால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு, "என்னம்மா?" என்று கேட்பதற்குள் அவசரம் தானாகவே தீர்ந்துவிடும். கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அவள் அப்பா இறந்தபோது நான்காம் வகுப்பில் இருந்தாள். அன்றிலிருந்து சம்பளத்தில் பாதிக்குள் வாழ்வது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இல்லாமையால் இல்லை. இருக்கும்போதே குறைவாக வாழப் பழகிவிட்டால் எந்த நாளுக்கும் பயப்பட வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. துணி அலசிய தண்ணீர் வாசலுக்கு. பற்பசைக் குழாயைக் கத்தரித்தால் இன்னும் ஒரு வாரம் வரும். இந்தக் கட்டடத்தில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள். ஒரு ஆள், ஒரு பெரியவர். திருநெல்வேலிப் பக்கமாம்.

ஜனவரி 9, வியாழன்

எதிர்வீட்டுக்காரரின் குப்பைக் கூடையைப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை, படியிறங்கும்போது கண்ணில் பட்டது. வெறும் அடிதான் இருந்தது. தேங்காய் நார்கூட இல்லை. அதைப் பாத்திரம் தேய்க்க எடுத்து வைத்திருப்பார். வெங்காயச் சருகும் இல்லை. அதை என்ன செய்கிறார் என்று எனக்கே தெரியவில்லை.

சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

உழவர் சந்தைக்கு நான் காலையில் போவதில்லை. மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் போவேன். திரும்ப வண்டியேற்றிக் கொண்டுபோக மனமில்லாமல் மீதியைக் கூறு போட்டு மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அந்த நேரம் என்னைத் தவிர யாருக்கும் சரியாகப் பிடிபடாது என்று நினைத்திருந்தேன்.

கத்தரிக்காய்க் கூறு ஒன்றுதான் மிச்சம். விலை இன்னும் இறங்கட்டும் என்று நான் கீரைக் கடைப் பக்கம் சுற்றினேன். எதிரில் மஞ்சள் பையோடு ஒருவர், நெடுநெடுவென்று உயரம், தேங்காய்க் கடைப் பக்கம் சுற்றினார். நான் திரும்பினால் அவரும் திரும்புகிறார். நான் கத்தரிக்காயைப் பார்க்காத மாதிரி நடித்தால் அவர் வானத்தைப் பார்க்கிறார். கடைசியில் இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் கூறின் மேல் விழுந்தது.

"நீங்க எதுத்த வீட்டு மேடம்லா?" என்றார்.

"ஆமாங்க. விடுங்க, நானு முதல்லயே பாத்து வச்சது."

"நானுந்தான் பாத்து வச்சேன். நீங்க கீரையப் பாத்தப்பவே தெரிஞ்சிட்டு, உங்க கண்ணு இங்கதான் இருக்குன்னு."

கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே, "ஆளுக்குப் பாதி எடுத்துட்டுப் போங்கொ சாமி, நானு கடைய மூடோணும்" என்றாள். பிரித்துக்கொண்டோம். சொத்தைக் காய்களை எல்லாம் தன் பக்கம் தள்ளிக்கொண்டார். இந்த மாதிரி விட்டுக்கொடுக்கிறவர்களை நம்பக் கூடாது.

பெயர் ஆவுடையப்பன். ரயில்வேயில் சிக்னல் பிரிவு. திரும்பும்போது நான் மகளிர் இலவசப் பேருந்தில் ஏறிவிட்டேன். அவர் நடந்தே வந்தார். வீட்டு வாசலில் பார்த்தால் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். என் பேருந்து ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. அவருடைய ஆட்கள் வேலையாக இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மரியாதைக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெரியவர் கதவைத் திறந்தார். கோமதிநாயகம் என்று பெயர். ஆவுடையப்பன் சாருக்கு அப்பா என்று நினைத்தேன். இல்லை, மாமனார். மகள் காய்ச்சலில் இறந்த பிறகும் மாப்பிள்ளை அவரைத் தன்னுடனேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

பெரியவருக்குச் சிக்கனம் ஆகாது. வாசலில் நின்றபடியே என்னிடம் புகார்: "தாயி, இவன் வீட்ல காப்பியில சீனி இருக்கான்னு பாக்கவே கண்ணாடி போடணும். நெய்யக் காட்டிட்டு மூடிருதான். நீங்க நெய்யா ஊத்தியிருக்கிய, மகராசியா இருப்பிய."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, பென்சன் பணத்துல நேத்து வாங்குன முறுக்குப் பொட்டலம் தலகாணிக்கடியில இருக்கு. எறும்பு வந்துட்டு."

பெரியவர் ஓடினார்.

ஜனவரி 19, ஞாயிறு

இனி இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே செய்தித்தாள் என்று ஏற்பாடு. காலையில் அவர்களுக்கு, மாலையில் எங்களுக்கு. நான் முன்பு வாங்கியதே இல்லை, மருத்துவமனையில் படித்துவிடுவேன். ஆனாலும் பாதி விலைக்குக் கிடைக்கிறபோது விடுவது புத்திசாலித்தனமா?

மிதுனா கேட்டாள்: "வாங்காத பேப்பருக்குப் பாதிக் காசு குடுத்தா அது மிச்சமா, செலவா?"

பி.காம். படிக்க வைத்தது என் தப்பு.

பிப்ரவரி 2, ஞாயிறு

எங்கள் கோயம்புத்தூர் கிரைண்டர் பெரியது. ஒரு வீட்டுக்கு மட்டும் போட்டால் கல் வெறுமனே சுற்றி மின்சாரத்தைத் தின்கிறது. இரண்டு வீட்டு அரிசியையும் உளுந்தையும் சேர்த்து ஆட்டினால் சரியாக இருக்கும். இதை யோசித்துச் சொன்னது நான்தான். ஆவுடையப்பன் சார், "சரியான பாயிண்டு மேடம்" என்றார். அவர் எதற்கும் லேசில் அப்படிச் சொல்லமாட்டாராம், பெரியவர் சொன்னார்.

கல்லைத் தூக்கி வைத்துக் கழுவிக் கொடுத்தது அவர். கழுவிய தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றினார். நான் சொல்லவே இல்லை. தானாகவே ஊற்றினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரிய குக்கர். அடியில் பருப்பு, மேல் தட்டில் சாதம், அதற்கும் மேல் ஒரு கிண்ணத்தில் காய். இரண்டு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கிற சூட்டிலேயே வேகவிட வேண்டும். என் அம்மா வீட்டில்கூட யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது. இன்று முதல் இரண்டு வீட்டுச் சமையலும் இதில்தான். அரிசி அவர்கள் முறை, பருப்பு எங்கள் முறை. காய் நறுக்குவது ஆவுடையப்பன் சார். அளவு பிசகாமல் சிக்னல் கம்பம் மாதிரி நறுக்குகிறார்.

ஆவி தானாக அடங்கும் வரை மூடியைத் திறக்கக் கூடாது. அதுவரை சமையலறையில் இரண்டு பேரும் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. எதையாவது பேச வேண்டியிருக்கிறது. இன்று அவர் ஒரு கதை சொன்னார். மழையில் ஒரு ஆட்டுக்குட்டி தண்டவாளத்தோரச் சிக்னல் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டு கம்பியை மென்றதில், ஒரு எக்ஸ்பிரஸ் வண்டியே வயல் நடுவில் நின்றுவிட்டதாம். அதிகாரிக்கு என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல், "நான்கு கால் பழுது" என்று எழுதிவிட்டாராம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மூடியைத் திறந்தபோது சாதம் குழைந்துவிட்டிருந்தது.

குழைந்த சாதமும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

மருந்தகத்தில் சரியான கூட்டம். ஒரு அம்மாவிடம் மாத்திரையைக் கொடுத்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, எதுத்த வீட்டுக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா பயந்துபோய், "எதுத்த வூட்ல யாருமில்லீங்களே" என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸ் புளோரா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மாத்திரையை வாங்கித் திரும்ப எண்ணி, சீட்டில் எழுதிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. மூளை சூடாகிவிடுகிறது.

மார்ச் 2, ஞாயிறு

சந்தை வாசலில் மல்லிகைப்பூ மலிவு. வாங்கினேன். சாமி படத்துக்குத்தான். படத்துக்கு வைத்த பிறகு ஒரு சாண் மிச்சம். அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். மிதுனாவுக்குப் பூ பிடிக்காது. தூக்கிப் போட்டால் வீண்.

தலையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு கழுத்தில் அந்தக் குளிர்ச்சி எப்படியோ இருந்தது.

மாலையில் எதிர்வீட்டிலிருந்து செய்தித்தாள் கொடுக்க வந்தவர் பேப்பரைக் கொடுக்கவும் மறந்து, போகவும் மறந்து நின்றார். "என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு" என்றார்.

"எது?"

"செய்தி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரோடு திரும்பிப் போய்விட்டார்.

மார்ச் 8, சனி

மிதுனா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அம்மா, போன மாசம் வரைக்கும் 'ஆவுடையப்பன் சார்'. இப்ப வெறும் 'அவரு'. 'அவருக்குப் புளி ஆகாது', 'அவரு இன்னிக்கு லேட்டு'. யாரும்மா அந்த அவரு?"

பேரு நீளம், அதனால் சுருக்கிச் சொல்கிறேன் என்றேன்.

"பேச்சுலயும் சிக்கனமா?" என்றாள். மோர் அவள் மூக்கில் ஏறியது. நன்றாக வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

அன்னூரிலிருந்து அண்ணன் தங்கவேல் சொல்லாமல் வந்துவிட்டார். தோட்டத்துக்கு உரம் எடுக்க வந்தவர், எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார். அவர் பார்த்தது இதுதான்: என் சோபாவில் முண்டா பனியனோடு ஒரு பெரியவர் வாரப் பலன் படித்துக்கொண்டிருக்கிறார். என் சமையலறையில் ஓர் ஆண் நின்று முருங்கைக்காய் நறுக்குகிறார். நான் தலையில் பூவோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் போகும் வரை அண்ணன் வாசலிலேயே நின்றார். போன பிறகு மெதுவான குரலில்தான் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ன அம்மிணி இது? வூடா, சத்திரமா?"

"கேஸ் மிச்சமாகுதுங்கண்ணா. ரெண்டு வூட்டுக்கும் ஒரே குக்கரு…"

"கேஸுதான் வேணும்னா நானு வாங்கித் தர்றேன். வயசுக்கு வந்த புள்ளைய வச்சுட்டு இருக்கற. நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் பாக்கோணும். நாலு பேரு நாலு விதமாப் பேசுனா நானு என்னன்னு சொல்லட்டும்?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மார்ச் 17, திங்கள்

கதவைத் தட்டி, இனித் தனித்தனியாகச் சமைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க மேடம்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு மேடம்.

மார்ச் 18, செவ்வாய்

சின்ன குக்கர். சாதம் உதிரி உதிரியாக, அழகாக வந்திருந்தது. பிடிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. தேங்காய் மூடி காய்ந்துவிட்டது. சந்தைக்குக் காலையிலேயே போனேன், யாரையும் பார்க்க வேண்டாம் என்று. அவரும் காலையிலேயே வந்திருந்தார், அதே காரணத்துக்காகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் முழு விலைக்குத் தக்காளி வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

மார்ச் 29, சனி

பெரியவர் வந்து பேப்பர் கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றேன். "அவனும் நிறுத்திட்டான். ரெண்டு வீட்டுக்கும் ஒரு பேப்பர் இருந்துச்சு, இப்ப ஒரு பேப்பரும் இல்ல. இது என்ன மிச்சம்னு எனக்குப் புரியல தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலை. வீடு. வேறு ஒன்றும் இல்லை. இந்த டைரியில் வரி எல்லாம் ரொம்ப அகலம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. அன்னூர் போனோம். சாப்பாடு முடிந்ததும் மிதுனா நேராகத் தன் மாமனிடம் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு எடம் பாக்கறதப் பத்தி நீங்க கவலைப்பட்டீங்களாம். நானு இன்னும் படிக்கோணும், வேலைக்குப் போகோணும். அதுக்கப்பறம் வர்றவன் எங்கம்மா சிரிச்சதுக்காக என்னைய வேண்டாம்னு சொன்னா, அவன் எனக்கு வேண்டாம்."

அண்ணன் வெற்றிலையை மென்றபடியே இருந்தார். அண்ணிதான் பேசினார். "ஏனுங்க, அன்னிக்கு வந்து என்ன சொன்னீங்க எங்கிட்ட? 'சாந்தாமணி பூ வச்சிருக்கறா புள்ள, எத்தன வருசமாச்சு'ன்னு கண்ணத் தொடச்சீங்கள்ல? அத அவகிட்டச் சொல்லாம வேறென்னத்தச் சொல்லிட்டு வந்தீங்க?"

அண்ணன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்போது இரண்டு பை தேங்காயோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். எதற்கு இத்தனை, எங்கள் இரண்டு பேருக்கு ஒரு பையே அதிகம் என்றேன்.

"ஒண்ணு எதுத்த வூட்டுக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். "அந்த மனுசன் முருங்கக்காயப் பாத்து நறுக்கறாரு. தண்டமாக்கறதில்ல."

ஏப்ரல் 15, செவ்வாய்

தேங்காய்ப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கொடுத்தது என்றும் சொன்னேன். அவர் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய், அரிசி டப்பாவோடு வந்து நின்றார்.

"இன்னிக்கு எங்க முறை" என்றார்.

சாதம் குழைந்தது!

மே 4, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

குக்கர் அடங்கக் காத்திருந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை எடுத்து, பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். காது சிவந்திருந்தது.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதிய. இப்ப ரெண்டு வாடகை. ரெண்டு கரண்டு பில்லு. ரெண்டு பிரிட்ஜு, ரெண்டுலயும் பாதி காலி. ரெண்டு வாசலுக்குக் கோலப்பொடி. இதெல்லாம் ஒண்ணாயிட்டுன்னா… அதாவது, ஒரே வீடா இருந்துட்டம்னா… முறைப்படி, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல போயி… செலவு ஏறக்கொறைய பாதியாயிரும்."

அடுத்த வரியைப் படிக்க டிக்கெட்டைத் திருப்பினார். அடுத்த வரி இல்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, பாத்திரத்தை நங்கென்று வைக்கிற கோபம்.

"கோலப்பொடி மிச்சமாகும்னு என்னையக் கட்டிக்கறீங்களா?"

"இல்ல, அது ஒரு இதுக்கு…"

"எதுக்கு? என்ற வாழ்க்கையில எல்லாத்தையும் மிச்சத்துக்குத்தானுங்க பண்ணியிருக்கறேன். துணி, சோப்பு, அரிசி எல்லாம். இது ஒண்ணயாச்சும் மிச்சத்துக்காகப் பண்ணக் கூடாதுன்னு நெனச்சேன். எனக்கு இஷ்டமில்லீங்க."

அவர் டிக்கெட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மூடியைத் திறக்கவே இல்லை.

நான் நினைத்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன் பார். எப்போதிலிருந்து நினைக்கிறேனாம்?

மே 7, புதன்

மாலை வீடு திரும்பும்போது பெரியவர் என் வாசலில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"தாயி, நான் ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு இருக்கேன்."

"எதுக்குங்கய்யா திடீர்னு?"

"நீங்க வேண்டாம்னுட்டியளாம்லா. அவன் மூணு நாளா மோட்டுவளையப் பாத்துட்டு இருக்கான். எனக்குத் தெரியும், நான் ஒரு ஆளு எடைஞ்சல். செத்துப்போன பொண்டாட்டியோட அப்பன வச்சிக் கஞ்சி ஊத்தணும்னு உங்களுக்கு என்ன விதி? என் மவ போன அன்னிக்கே இவன் என்னைய விட்டுட்டுப் போயிருக்கலாம். விடல. இப்ப நான் போனா, உங்களுக்கு ஒரு ஆளு சோறும் மிச்சம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் சிக்கனம் பேசினார். அதுவும் தன்னை வைத்து. பையைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். பையில் இரண்டு வேட்டியும் ஒரு முறுக்குப் பொட்டலமும் இருந்தன.

"நீங்க எங்கயும் போகக் கூடாது. நீங்க வந்த அப்பறந்தானுங்க இந்த வூட்ல நெய்யோட அருமை தெரிஞ்சுது. நானு வேண்டாம்னு சொன்னது உங்களால இல்ல."

"பின்ன?"

"அவரு கணக்குப் பேசறாருங்கய்யா. பொண்ணு கேக்கறப்பக் கோலப்பொடிக் கணக்கு."

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, நான் தண்ணீர் கொடுத்து, அதிலும் புரை ஏறிச் சிரித்தார். "எம் மவகிட்டயும் இப்படித்தாம்மா பண்ணுனான்! 'ரெண்டு சைக்கிளுக்கு ஒரு பம்பு போதும்'னு சொன்னான், படுபாவி!" துணிப்பையை மறந்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவை நோக்கி, "ஏ மாப்ள! ஏ மடப்பய மாப்ள!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்.

முறுக்குப் பொட்டலத்தை மிதுனாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் தின்றுவிட்டோம்.

மே 9, வெள்ளி

இன்று மதியம் மருந்தகத்தில் வரிசை வராந்தாவைத் தாண்டி வெயிலில் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைக் கார் வந்து வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்தேன். வாடகைக் கார். யாரோ பணக்கார நோயாளி போல என்று நினைத்தேன்.

இறங்கியவர் அவர்.

ஆட்டோவில்கூட ஏறாத மனிதர். பேருந்துக் கட்டணம் வீண் என்று மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கிறவர். இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், வரிசைக்கு வெளியே, என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். காரின் முன் சீட்டில் பெரியவர், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, ஏசிக் காற்றுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருந்தார். பின் சீட்டில் மிதுனா. கல்லூரிக்குப் போகவில்லை. என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள், கழுதை.

"என்னங்க இது?" என்றேன் ஜன்னல் வழியாக. "யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்."

"அதுக்குக் காரா? எதுத்த வீடுதானுங்களே! சாயங்காலம் கதவத் தட்டுனாப் போதாதா?"

"போதும். ஆனா இது மிச்சத்துக்காகக் கேக்குறது இல்லன்னு நீங்க நம்பணும்லா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு வியர்த்தது. இன்று கையில் டிக்கெட் இல்லை. "எனக்கு ஒரு கணக்கும் தெரியல. சின்ன குக்கர்ல சாதம் சரியாத்தான் வருது. உதிரியா, நல்லா வருது. எனக்குத்தான் எறங்க மாட்டேங்குது. நீங்க சிரிக்கிற சத்தம் கேக்காம அந்த வீட்டுல இருக்க முடியல. அதத்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் கோலப்பொடியச் சொன்னேன்."

நர்ஸ் புளோரா கையிலிருந்த பஞ்சுப் பொட்டலம் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

எனக்கு வாயில் வந்தது வேறு. "கார் வெயிட்டிங்ல நிக்குதுங்களே. அதுக்குத் தனியாக் காசு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"அனுப்பிடுங்க முதல்ல!"

"நீங்க பதில் சொல்லுற வரைக்கும் நிக்கும்" என்றார்.

வரிசையில் முதலில் நின்ற ஒரு பாட்டியம்மா, "ஏம்புள்ள, அந்த மனுசன் காசு கரியாகுதல்ல, சட்டுனு ஒரு வார்த்த சொல்லிப்போடேன்" என்றார். பின்னால் ஒருவர், "எனக்கு இருமல் மருந்து இருக்குதுங்க, அதுவும் பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், கார் போய்விடும். அந்த ஒரு சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்தப் பொங்கலிலிருந்தோ, ஆட்டுக்குட்டிக் கதையிலிருந்தோ, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆனால் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு கார் எனக்காக, ஒரு பிரயோஜனமும் இல்லாமல், ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. என் பிறப்பில் யாரும் எனக்காக எதையும் இப்படி வீணாக்கியதில்லை. நானும் எனக்காக வீணாக்கியதில்லை.

நிற்கட்டும் என்று விட்டேன்.

"வரிசைய முடிச்சுட்டு வர்றனுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, போய்க் கார் மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஒவ்வொரு சீட்டையும் நிதானமாகப் பார்த்தேன். எந்த மாத்திரை எப்போது, சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா, ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருவருக்கும் எதிர்வீட்டுக்கு ஒன்று என்று சொல்லவில்லை. இருமல் மருந்துக்காரர் வாங்கிக்கொண்டும் போகாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார். முடிவு தெரிய வேண்டுமாம்.

கடைசி ஆளும் போன பிறகு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினேன். புளோரா தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி என் தலையில் சொருகினாள். வெயிலில் நடந்தேன். கால் தரையில் பாவவில்லை என்பார்களே, அது உண்மையில் நடக்கிற விஷயம்தான் போல.

அவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஜில்லென்று இருந்தது. மிதுனா நகர்ந்து இடம் விட்டாள். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்கப் பயந்து முன் கண்ணாடியைப் பார்த்தார்.

"சரிங்க" என்றேன்.

பெரியவர் முன்னாலிருந்து திரும்பாமலே, "கேட்டுது, கேட்டுது!" என்று கத்தினார். மிதுனா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் என் கையைப் பிடித்தார். காய் நறுக்கித் தழும்பேறிய கை.

டிரைவர் தம்பி வண்டியைக் கிளப்பி, கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார்: "எங்கீங்க போகோணும்?"

யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"எங்கயும் போக வேண்டாமுங்க" என்றேன். "சும்மா ஓட்டிட்டே இருங்க."